பதிலைப் பக்கத்தில் கேட்கவும்

ஆளைக் குழப்புவதற்கென்று அரசாங்கம் ஒரு விருது வைத்திருந்தால், அதை யோசிக்காமல் ஜதை சாருக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் மேடையில் ஏற்றி, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டிருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். பக்கத்தில் நிற்பவரைக் கை காட்டியிருப்பார். விருதும் பக்கத்தில் நின்றவருக்கே போயிருக்கும்.

எண்பதுகளின் நடுவில், ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற பாதையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் வாத்தியாராகச் சேர்ந்தேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆள் நான். ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு வாத்தியார். ஒருவர் நான், மற்றவர் தலைமையாசிரியர் ஜதை சார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரில் பாதி வீட்டில் தெலுங்கு, கால் வீட்டில் கன்னடம். மீதி, கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து வாடகை வீடுகளில் குடியிருந்த எங்கள் ஆட்கள். ஒரே வாக்கியத்தைத் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளைத்து, தமிழில் முடிப்பார்கள். சேர்ந்த அன்றைக்கே ஊருக்குத் திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மூன்றாம் வகுப்பில் நுழைந்தேன். முன்வரிசையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும்.

"உன் பேரென்னல?" என்றேன் பையனிடம்.

பையன் கூரையைப் பார்த்தான். பெண் எழுந்து, "இவன் பேரு முனிராஜு சார்" என்றாள்.

"சரி, உன் பேரு?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவன் எழுந்தான். "செல்வி சார்."

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா?"

"இருக்குது சார். முன்பல்லுதான் ரெண்டு இல்ல."

செல்வி அதை நிரூபிக்க வாயைத் திறந்து காட்டினாள். வகுப்பு முழுக்க இதே கதை. யாரைக் கேட்டாலும் அடுத்தவர் எழுந்தார். பதினைந்து நிமிடத்தில் யார் யாரென்று தெரியாமல், நான் யாரென்பதிலும் லேசாகச் சந்தேகம் வந்து வெளியே ஓடிவந்தேன்.

ஜதை சார் வேப்பமரத்தடியில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க சட்டம் அப்படி சார்" என்றார். "தன்னைப் பத்தித் தானே சொல்லக் கூடாது. ஜதைதான் சொல்லணும்."

"ஏன் சார்?"

"தன்னைப் பத்தி எவன் சார் உண்மை சொல்றான்?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் மறுபடி கேட்டேன். "ஒத்த மாடு உழுவுதா சார்?" என்றார். அதற்கு மறுநாள், "வாய்க்கும் ஓய்வு வேணுமே" என்றார். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை அவர் இரண்டு முறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஜதை சேர்க்கிற நாள் ஒன்று உண்டு. மாட்டுச் சந்தை தோற்றது. பிள்ளைகளை மைதானத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டுப் பார்ப்பார். உயரம் பார்ப்பார். தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்ப்பார். களி வீட்டுப் பிள்ளையோடு இட்லி வீட்டுப் பிள்ளை. தெலுங்கோடு தமிழ். வாயாடியோடு ஊமைக்கோட்டான். இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து வைத்து, "நடங்கடா" என்பார். அவை நடந்தால் ஒரு வருடத்துக்கு அதுதான் ஜதை. தாலி ஒன்றுதான் குறை.

வருகைப் பதிவும் ஜதைதான். "முனிராஜு" என்று கூப்பிட்டால் செல்வி எழுந்து, "வரல சார். தேன்கனிக்கோட்டையில மாமா வீட்டுக் கல்யாணம். நாளைக்கும் வர மாட்டான், கறிச்சோறு" என்பாள். அந்த அளவுக்கு விவரம் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

பள்ளிக்கூடத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் போனது. செல்வியின் அப்பா கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறவர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், எனக்குப் பக்கத்து வீடு. ஒருநாள் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அம்மாவும் அப்பாவும் மாறி மாறி, "என்னட்டி செய்யுது?" என்று கேட்கிறார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்துச் சுவரைப் பார்க்கிறாள். கடைசியில் ஆள் அனுப்பி, கொள்ளுக்காட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முனிராஜுவைக் கூட்டிவந்தார்கள். அவன் வாசலில் நின்றபடியே சொன்னான்: "மாங்கா தின்னா. ஏழு."

செல்வியின் அப்பா என்னிடம் வந்து குதித்தார். "எம் புள்ளைக்கு என்ன நோவுன்னு ஊரான் வீட்டுப் பய வந்து சொல்லுதான் சார்! தூக்கத்துல தெலுங்குல உளறுதா! நாளைக்கு என்ன அப்பான்னு கூப்பிடுததுக்கும் அவன்தான் வரணுமா? நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க. உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும்."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கே அப்போது ஜதை சார் மேல் கொதிப்பு. ஏனென்றால் என் ஜதை அவர். இரண்டு வாத்தியார் உள்ள பள்ளியில் வேறு யார் வருவார்கள்?

சேர்ந்த முதல் வாரம் டீக்கடைக்காரர், "புது சாருக்கு எப்படி?" என்று கேட்டார். "சாருக்குச் சர்க்கரை வேணாம்" என்றார் ஜதை சார். அவ்வளவுதான். ஒரு வருடமாக அந்தக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கம்பவுண்டர் தன் பெண்ணுக்காக என்னைப் பார்க்க வந்தார். "தம்பிக்கு ஊர்ல நெலம் நீச்சு இன்னா இருக்குது?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஜதை சார் சொன்னார்: "அந்த ஊர்ல வெய்யில்தாங்க இருக்குது."

கம்பவுண்டர் எழுந்து போனவர் போனவர்தான்.

அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'பிள்ளைகள் சுயமாகப் பேசும் திறனை இழந்து வருகிறார்கள்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். அடியில் 'பொதுமக்கள்' என்று போட்டேன். செல்வியின் அப்பா தபாலில் சேர்த்தார்.

பத்து நாள் கழித்துத்தான் அதன் கனம் தெரிந்தது. விசாரணைக்கு அதிகாரி வருகிறார். புகார் உண்மையென்றால், அஞ்செட்டிக்கு அப்பால் யானை நடமாடும் காட்டுப் பள்ளிக்கு ஜதை சாருக்கு மாற்றல் என்று ஒன்றிய அலுவலகத்தில் பேச்சு. அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கி ஆறு மைல் நடக்க வேண்டும். அவருக்கோ ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. வலது முழங்கால் மடங்காது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஜதை சார் மட்டும் சாதாரணமாக இருந்தார். "யானைக்கு யாரு ஜதைன்னுதான் யோசிக்கிறன்" என்றார்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கையில் என் மனு. ஊர்ப் பெற்றோர் நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். செல்வியின் அப்பா முன்னால் நின்றார்.

அதிகாரி வகுப்பில் நுழைந்து முனிராஜுவைக் கேட்டார். "உங்க வாத்தியார் நல்லா சொல்லிக் குடுக்கறாராப்பா?"

செல்வி எழுந்தாள். "இவனுக்கு நல்லா சொல்லிக் குடுக்கறாரு சார். எட்டாம் வாய்ப்பாடு வரும், ஏழுதான் வராது."

"நான் அவனைக் கேட்டேன்."

"ஆமா சார். அவனுக்குத்தான் வராது. எனக்கு வருமான்னு அவனைக் கேளுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வேறு வரிசையில் ஒரு பையனைக் கேட்டார். அவன் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அவளைக் கேட்டார், அவன் எழுந்தான். முதல் நாள் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

கடைசியில் செல்வியை விட்டுவிட்டு முனிராஜுவை மட்டும் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். "இப்ப சொல்லு. உன் பேர் என்ன? என்ன படிக்கறே?" பையன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினான். அதிகாரி குறிப்பேட்டில், 'மாணவனுக்குத் தனியே பேச வரவில்லை' என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

பிறகு ஜதை சார் பக்கம் திரும்பினார். "மனுவுல இருக்கறது அப்படியே உண்மையா இருக்கே! நீங்க என்ன சொல்றீங்க?"

ஜதை சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

சட்டம் சட்டம்தான். அவரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்! இப்படி ஒரு கிறுக்கு மனுஷனை நான் கண்டதில்லை. மாற்றல் வருகிற நேரத்திலும் வாயைத் திறக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? மனு எழுதியவனே அதற்கு மறுப்பும் சொல்ல வேண்டும்.

"ஐயா" என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய வருகைப் பதிவேட்டில், முனிராஜு பெயருக்கு நேரே சிவப்பு மையில், 'நின்றுவிட்டான்' என்று எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்திருந்தேன். ஏன் என்று அவன் அம்மாவைக் கேட்டிருந்தேன். அதைச் சொன்னேன். ஒன்றாம் வகுப்பில் அப்போதிருந்த வாத்தியார் தமிழில் கேள்வி கேட்பார். இவனுக்குத் தெலுங்கைத் தவிர எதுவும் தெரியாது. தினமும் எழுந்து நின்று அடி வாங்கினான். ஒருநாள் ஓடிப்போய் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வருடம் வரவில்லை. ஜதை சார் வந்த பிறகு அவன் வீட்டுக்குப் போய், "உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நீ சும்மா வந்து ஒக்காரு. பக்கத்துல இருக்கறவ சொல்லுவா" என்று கையடித்துச் சத்தியம் செய்து கூட்டிவந்தார்.

சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே வெளிச்சமாயிற்று. ஒரு வருடமாக நான் கேட்ட கேள்விக்குப் பதில், என் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவன் சார்பில் சொல்ல இவள் அவன் பேச்சைக் கற்க வேண்டும். இவள் சார்பில் சொல்ல அவன் இவள் பேச்சைக் கற்க வேண்டும்.

"அதெல்லாம் சரி. இவன் பேசலையே?" என்றார் அதிகாரி.

"ஐயா, அவனைப் பத்திக் கேக்காதீங்க" என்றேன். "முனிராஜு, செல்வியப் பத்திச் சொல்லுல."

பையன் நிமிர்ந்தான். அப்படியே எங்கள் ஊர்த் தமிழ்.

"அவ பேரு செல்வி. கோவில்பட்டிப் பக்கம் அவுக ஊரு. கம்பெனி சங்கு ஊதுனா பயம், ஆனா பயமில்லம்பா. அவுக அம்மைக்கு இங்க பேசுததுக்கு ஆள் இல்ல, அதான் சாயங்காலம் அழுவாக. அவுக அப்பா வெரல்ல கட்டுப் போட்டு வந்த அன்னிக்கு அவ மத்தியானம் சாப்பிடல. அப்பாட்ட சொல்லிராதன்னா. அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரும்."

செல்வியின் அப்பா தன் இடதுகை விரலை மடக்கி வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு முன்னால் வந்து, "மனு வேண்டாங்கய்யா. தெரியாமச் செஞ்சிட்டம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

அதிகாரி குறிப்பேட்டில் எழுதியதை அடித்தார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது அவர் மனுவை விரித்து, என்னைப் பார்த்தார்.

"நல்ல எழுத்து. படிச்ச ஆள் எழுதினது. யார் எழுதினான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் நின்ற இடத்திலிருந்து வகுப்பறைக் கரும்பலகை நேராகத் தெரிந்தது. அதில் அன்று காலை நான் எழுதிய நீதிமொழி: 'உண்மையே பேசுக.' அதே முத்து முத்தான எழுத்து.

பக்கத்திலிருந்து ஜதை சார் சொன்னார்:

"இவரு எழுதல ஐயா. இவருக்கு அவ்ளோ கோவம்லாம் வராது. ஒரு வருசமா சர்க்கரை இல்லாம டீ குடிச்சிக்கினு கீறாரு, ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அதிகாரி கரும்பலகையைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். "டீசல் போதுமாய்யா?" என்று டிரைவரைக் கேட்டார். "பத்தும்" என்றார் பக்கத்தில் இருந்த பியூன். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜீப் போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "சார், நான்தான் எழுதினேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்னைப் பத்தி என்னையே கேட்டா எப்படி சார்?" என்றார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில், "சாருக்குச் சர்க்கரை ரெண்டு கரண்டி" என்றார். வாயில் வைக்க முடியவில்லை. ஒரு வருடத்தில் நாக்கு கஷாயத்துக்குப் பழகிவிட்டிருந்தது. ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, முழங்கால் மடங்காமலே ஓய்வு பெற்று நாகரசம்பட்டியில் மகள் வீட்டுக்குப் போனார். சில வருடங்களில் போயும் சேர்ந்தார்.

ஜதை சாரைப் பற்றி நான் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றிச் சொல்லத்தான் இப்போது பக்கத்தில் ஆளில்லை.