பிள்ளை மயக்கம் தெளிந்த விபரம்

குருநகர்.

அன்புள்ள கிறிஸ்ரோபர் மச்சான் அறிவது,

அந்தோனியார் துணையால் இங்கே எல்லோரும் சுகம். நோர்வேக் குளிரில் நீங்களும் மார்கிரட் அக்காவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையல்ல, அதனால்தான் எழுதுகிறேன். மச்சான், உங்கள் மருமகள் ஜெனிற்றாவின் மூளையில் கட்டி கிட்டி ஒன்றுமில்லை! டொக்டர் உதயகலா தன் வாயாலேயே சொல்லிவிட்டார். பிள்ளைக்கு வலிப்பு வந்த நாளிலிருந்து நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நாலு வயதுப் பிள்ளை ஸ்கான் மெஷினுக்குள் அசையாமல் கிடக்காதாம், மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம், அதற்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். பிள்ளை பட்டினி கிடக்க அப்பன் பாணும் சம்பலும் தின்பதா என்று நானும் முதல்நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னொரு கூத்து. மெஷின் பெரிய காந்தமாம், உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாதாம். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் மாமிமார் எல்லோரும் ஆளுக்கொரு மாதா மெடலைப் பிள்ளையின் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள்! தாதி மிஸ்ஸி ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையில் தந்துவிட்டு, "இன்னும் எத்தினை பேர் உள்ளுக்கை இருக்கினம் ஐயா?" என்று கேட்டாள்.

ஊசி போடும்போது நான் பாய்மரம் போல நின்றேன், உங்கள் தங்கச்சி ஜெசிதாதான் கலங்கிப்போனாள். படம் எடுத்து வெளியே கொண்டுவந்த பிறகும் பிள்ளை கண் திறக்கவில்லை, மச்சான்! கூப்பிட்டேன், தட்டினேன், உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினேன், அசைவில்லை. டொக்டர் மூளைப் படத்தைக் காட்டினார், கரையில் ஒதுங்கும் முருகைக்கல் மாதிரி நெளிவும் சுழிவுமாக இருந்தது. "ஒவ்வொரு ஆளின்ரை மூளையும் ஒவ்வொரு மாதிரி. சிலர் டக்கெண்டு எழும்புவினம், சிலர் ஆறுதலா எழும்புவினம், பயப்பிடாதேங்கோ" என்றார். "அப்ப உது எங்கடை பக்கத்து மூளைதான் டொக்டர், கோயில் மணிக்கே எழும்பாத ஆக்கள்" என்றேன். கடைசியில் நான் போட்ட ஒரு சத்தத்தில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது, பிள்ளையும் கண் திறந்தாள்!

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் வாசலில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
நெஞ்சுரம் குன்றாத உங்கள் மச்சான்,
கனிசியஸ்

பி.கு.: அண்ணை, நான் ஜெசிதா. தபாலிலை போட முதல் வாசிச்சுப் பாத்தன். கட்டி இல்லை எண்டது சத்தியமான உண்மை. மிச்சத்தை நம்பாதேங்கோ. ஊசியைக் கண்டவுடனை உவர் தொப்பெண்டு விழுந்திட்டார். பட்டினி வேறை. சேலைன் ஏத்த அப்பிடியே நித்திரையாப் போனார். ஜெனிற்றா ஒருக்காக் கூப்பிட்டவுடனையே முழிச்சிட்டாள். கூப்பிட்டும் தட்டியும் எழும்பாமல் கிடந்தது உவர்தான், கிச்சுக்கிச்சு மூட்டினது பிள்ளை. டொக்டர் ஆறுதல் சொன்னது எனக்கு. கண் திறந்தவுடனை உவர் கேட்டது, "பிள்ளை எழும்பிட்டாளோ?" எண்டுதான். "நான் எப்பவோ எழும்பிட்டன் அப்பா" எண்டு அவள் சொன்னதுதான், மனிசன் போட்ட அழுகைச் சத்தத்திலை ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்தது.