ஃபெஸ்டஸின் சாகசப் பிசகு

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

உன் அத்தை போனில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை, மரண விசாரணை அதிகாரி, போலீஸ் சார்ஜென்ட், பங்குச் சாமியார், பாதி ஊர் ஆகியோர் முன்னிலையில், விலைச்சீட்டு பின்பக்கம் தொங்க, வாங்காத கால்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு உன் அப்பாவாகிய நான் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். சொல்லும்போது தொடையில் குண்டூசி குத்தி "ஐயோ" என்றும் கத்தினேன். எழுத்தர் அதையும் சேர்த்து எழுதிவிட்டதாகக் கேள்வி. மற்றபடி நானும் அம்மாவும் நாயும் ஆண்டவர் தயவில் சுகம். என் முழங்கால் வழக்கம்போல மழையை முன்கூட்டியே அறிவித்துக்கொண்டிருக்கிறது. டப்ளினில் நீ சளி பிடிக்காமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். அம்மா நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

உன் கடிதத்தில், மரண விசாரணைச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், வரைவு எழுதும் மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் எத்தனையோ தடவை ஜூரியில் இருந்தவராயிற்றே, கருத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். மகளே, அரசாங்கத்திலிருந்து என்னிடம் ஒரு கருத்துக் கேட்பது இதுதான் முதல் தடவை. இதற்கு முன் அவர்கள் கேட்டதெல்லாம் நாய்க்கு லைசென்ஸ் உண்டா என்றுதான். ஆகவே படித்தவர்கள் எழுதுவதுபோல ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன். ஆனால் கருத்து தனியாக வர மறுக்கிறது, கால்சட்டையையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

நடந்தது இதுதான். உன் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கென்று கான்செப்டா கடையில் கால்சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயில் குண்டூசிகளோடு தரையில் மண்டியிட்டு நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். சார்ஜென்ட் டூஹி கதவைத் திறந்து தலையை நீட்டினார். ஆறு பேர் வேண்டிய இடத்தில் அவருக்கு நாலு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள்.

"பார்ட்லி, வேலையா இருக்கீங்களா?"

"கால்சட்டை போட்டுப் பாக்கறேன், சார்ஜென்ட்."

"அப்ப சும்மாதான் இருக்கீங்க. வாங்க, ஃபெஸ்டஸ் மரண விசாரணை."

உனக்குத் தெரியும், எங்கள் ஊரில் ஜூரி சேர்ப்பது இப்படித்தான். சார்ஜென்ட் தெருவில் இறங்கி நடந்தால் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் திடீரென்று வேறு பக்கம் அவசர வேலை வந்துவிடும். நான் ஓடத் தெரியாதவன் என்பதால் ஒவ்வொரு தடவையும் மாட்டுகிறேன். அன்றைக்கு ஓடியிருந்தாலும் பயனில்லை, ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. கான்செப்டா என் பின்னாலேயே ஓடிவந்தாள், ஃபெஸ்டஸ் மேல் இருந்த மரியாதையால் இல்லை, "என் கால்சட்டை எங்க போகுதோ அங்க நானும் போவேன்" என்று. ஓட்டல் வாசலில் அவளையும் பிடித்து ஆறாவது ஆளாக உட்கார வைத்துவிட்டார் சார்ஜென்ட்.

விசாரணை ஓட்டலின் கல்யாணக் கூடத்தில். நீதிமன்றக் கட்டடத்தில் கூரை ஒழுகுகிறது. சனிக்கிழமை நடந்த விருந்தின் பலூன்கள் இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. மரண விசாரணை அதிகாரி டாக்டர் கில்பிரைட் தலைக்குப் பின்னால் 'இனிய தம்பதிகளுக்கு வாழ்த்துகள்' என்று பெரிய துணி. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதை யாராவது கொஞ்சம் திருப்பிக் கட்ட முடியுமா?" என்றார். திருப்பினால் பின்பக்கம் 'ஓய்வுபெறும் நண்பருக்கு வாழ்த்துகள்'. அப்படியே விட்டுவிட்டார்கள்.

நீ ஃபெஸ்டஸை மறந்திருக்க மாட்டாய். ரயில்வே கேட் ஃபெஸ்டஸ். ரயில் டப்ளினை விட்டுக் கிளம்பியதாகக் கேள்விப்பட்டாலே இங்கே கேட்டை மூடிவிடுகிற மனுஷன். பால் வாங்கப் போனவர்கள் அங்கே நின்று நின்று வயதானார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பிப்ரவரி விடியற்காலையில் ஏரியில் மூழ்கிப் போனார். கரையில் அவர் துணிமணிகள் கடையில் அடுக்கியதுபோல மடித்து வைத்திருந்தன. சட்டைமேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர்மேல் தொப்பி, தொப்பிக்குள் மூக்குக் கண்ணாடி. துண்டு மட்டும் இல்லை.

அதிலிருந்து இந்த ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர் மனைவி அட்ராக்டா கடைக்குள் நுழைந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் வெண்ணெய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். விசாரணை நடக்க மாதக் கணக்கில் ஆயிற்று. அத்தனை நாளும் அவள் வெண்ணெய் விலையைக் கேட்டுக்கொண்டே நடமாடினாள்.

டாக்டர் அவளை மிக மரியாதையாகத்தான் சாட்சி சொல்ல அழைத்தார். சட்டம் கேட்பது நாலே கேள்விதான் அம்மா, யார், எப்போது, எங்கே, எப்படி என்று விளக்கினார். 'ஏன்' என்று கேட்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றார். அட்ராக்டா கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு அந்த நாலும் தெரியும் டாக்டர். தபால் போடப் போனாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போற மனுஷன், அன்னைக்கு எழுப்பாம போயிட்டாரு. திரும்பி வர்ற எண்ணத்துலதான் போனாரான்னு யாராவது சொன்னா போதும். 'தெரியலை'ன்னு மட்டும் எழுதிடாதீங்க. தெரியாம இருக்கறது எனக்கே தெரியும்."

எங்களை யோசிக்கச் சொல்லி, மேல்கோட்டுகள் மாட்டும் அறைக்குள் அனுப்பினார்கள். நான் உட்கார்ந்தால் குண்டூசி குத்துமென்று நின்றுகொண்டிருந்தேன். நிற்கிறவர்தான் தலைவர் என்று முடிவாகிவிட்டது. ஒரு மனிதன் பொறுப்புக்கு வருவதற்கு இதைவிட மோசமான காரணங்களையும் பார்த்திருக்கிறேன்.

கறிக்கடைக்காரன் மாட்டி நூன் உடனே ஆரம்பித்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? டாக்டர் சொன்னாரே, தானா விரும்பி ஒரு காரியத்துல இறங்கி, நினைக்காத விதமா உயிர் போனா அதுக்கு சாகசப் பிசகுன்னு பேராம். குளிக்க இறங்கினாரு, குளிர் பிடிச்சுது, போயிட்டாரு. சாகசப் பிசகு. முடிஞ்சுது."

"துணி அப்படி மடிச்சிருந்ததே?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"யோவ், அந்த மனுஷன் மிட்டாய்த் தாளைக்கூட நாலா மடிச்சுத்தான் குப்பையில போடுவாரு!" என்றாள் கான்செப்டா. எல்லோரும் தலையாட்டினோம். வெளியூர் ஜூரியாக இருந்தால் அந்த மடிப்பைப் பார்த்தே பயந்திருக்கும். எங்களுக்கு அது ஃபெஸ்டஸ், அவ்வளவுதான்.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல். "துண்டு எங்க?"

ரொட்டி வண்டி ஓட்டுகிற கொர்னீலியஸ். கார்க் நகரத்துப் பக்கத்து ஆள், மீன் வறுவல் கடைக்கு மேல் குடிவந்து சில வாரம்தான் ஆகிறது. சார்ஜென்ட் அவரை வண்டியிலிருந்து இறக்கிக் கூட்டிவந்திருந்தார், வெளியே ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஃபெஸ்டஸ் யார் என்றே தெரியாது அவருக்கு. நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ரொட்டி கருகியிருக்கும்.

"துண்டை மறந்துட்டாரு" என்றான் மாட்டி.

"அவ்வளவு ஒழுங்கா மடிக்கிறவரு எப்படிங்க துண்டை மறப்பாரு? ஒண்ணு அவர் ரொம்பக் கவனமானவரு, இல்ல மறதிக்காரரு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

"உங்க கார்க்ல வேணா மனுஷங்க ரெண்டுல ஒண்ணா இருப்பாங்க" என்றாள் கான்செப்டா.

நான் தலைவர் என்பதால் தொண்டையைச் செருமினேன். மாட்டிதான் காப்பாற்றினான். "கேளுங்க தம்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கடைக்கு வருவாரு. ஞாயித்துக்கிழமைக்கு மாட்டுக்கறி கேப்பாரு. நான் வெட்டி, கட்டி, மேசைமேல வைப்பேன். அவரு தன் பையை எடுத்து, சுருக்கம் இல்லாம நீவி, மடிச்சு, கக்கத்துல வெச்சுக்கிட்டு, கறியை விட்டுட்டுப் போயிடுவாரு. நான் கறியைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல ஓடுவேன். இதான் ஃபெஸ்டஸ்."

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். மேல்கோட்டுகள்கூட ஆடின. கொர்னீலியஸும் சிரித்தார். கொஞ்ச நேரம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எனக்கு அவரைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் உங்களை நம்புறேன்" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். ஆறு கையும் மேலே போயிற்று.

பிறகுதான் அந்த "ஐயோ". அதை நான் விவரிக்கப் போவதில்லை. "சாகசப் பிசகால் நேர்ந்த மரணம்" என்று நான் சொல்லி முடித்ததும் அட்ராக்டா நிமிர்ந்து பார்த்தாள். "சாகசமா? எங்க வீட்டு ஃபெஸ்டஸா?" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, கடைசியில் சாமியாரும் சிரித்தார். "ஐஸ்கிரீம்ல ரெண்டாவது ருசி கேக்கறதுக்கே பயப்படற மனுஷன்! இதைக் கேட்டிருந்தா வெக்கத்துல ஊரை விட்டே போயிருப்பாரு." அதன்பிறகு தேநீரும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் வந்தன. முதல் தடவையாக ஊரார் அவள் முகத்தைப் பார்த்து ஃபெஸ்டஸின் பெயரைச் சொல்லிப் பேசினார்கள். மூடிய கேட்டில் யார் யார் எவ்வளவு நேரம் நின்றோம் என்று ஆளாளுக்குப் போட்டி. வெண்ணெய் விலையை யாரும் எடுக்கவில்லை.

ஆகவே மகளே, என் கருத்து. நீ அனுப்பிய சுருக்கத்தில், இனிமேல் ஜூரியை மாவட்டம் முழுவதிலிருந்தும் குலுக்கலில் எடுப்பது, இறந்தவரைத் தெரிந்தவர்கள் யாரும் உட்காரக் கூடாது என்று இருக்கிறது. தெரிந்தவர்கள் கூடாது என்றால் எங்கள் ஊரில் மிஞ்சுவது புதிதாக வந்த பல் டாக்டர் மட்டும்தான், அவரும் இன்னும் ஒரு வருடத்தில் தெரிந்தவராகிவிடுவார். மிட்டாய்த் தாளைப் பற்றி அறுபது மைல் தள்ளி இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? கறியை விட்டுவிட்டுப் பையை மடிக்கிற மனுஷனை எந்தப் புத்தகத்தில் படிப்பான்? ஓட்டல் வேண்டாம், ஒழுகாத நீதிமன்றம் கட்டுகிறோம் என்கிறீர்கள், மெத்தச் சரி, துணித் தோரணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குடும்பத்தை மாதக் கணக்கில் காக்க வைக்காதீர்கள் என்பதைப் பெரிய எழுத்தில் எழுது, அடியில் கோடு போடு. ஆனால் பழைய சொற்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் 'விவரண முடிவு' என்று நீட்டமாக எழுதப் போகிறீர்களாமே, அந்த சாகசப் பிசகை மட்டும் விட்டுவை. ஃபெஸ்டஸுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சாகசம் அது. சார்ஜென்டையும் தெருவில் நடக்க விடு. ஓடுகிறவர்கள் ஓடட்டும், நாங்கள் மாட்டிக்கொள்கிறோம். உன் மேலதிகாரிகளிடம் இதை என் பெயர் சொல்லியே சொல்லலாம், கால்சட்டைப் பகுதியை விட்டுவிட்டு.

அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள், அளவு கேட்காதே, கிடைப்பதைப் போட்டுக்கொள். நாய் உன் கட்டிலில்தான் படுக்கிறது. கடவுள் உன் படிகளில் வெளிச்சமும் உன் பானையில் உருளைக்கிழங்கும் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

அளவில்லாத பிரியத்துடன்,
அப்பா பார்ட்லி

பி.கு.: மேலே கருத்து என்று எழுதியிருப்பதைக் கிழித்துப் போடு. சட்டத்தை மாற்று. வெளியூர்க்காரர்களையே உட்கார வை.

தபால் போடப் போகிற வழியில் அட்ராக்டா தன் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"பார்ட்லி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. சாட்சியைப் பாத்துத் தீர்ப்புச் சொன்னீங்களா, என்னைப் பாத்துச் சொன்னீங்களா?"

"சாட்சியைத்தான்" என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. மாட்டியும் அப்படித்தான் சொல்வான். நீங்க எல்லாரும் நல்லவங்க, அதான் எனக்குத் தூக்கம் வரலை." கதவுக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள். "அந்த ரொட்டி வண்டிக்காரர்? அவரும் கை தூக்கினாரா?"

"தூக்கினார்."

"அவருக்கு நம்மள யாரையும் தெரியாதே?"

"தெரியாது."

அவள் முகம் தெளிந்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும், டெர்வ்லா. "அப்ப சரி. அவர் என்னத்துக்குப் பொய் சொல்லணும்? அப்ப எங்க வீட்டுக்காரர் திரும்பி வரத்தான் போயிருக்காரு" என்று சொல்லி, என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள், கேக் வெட்டினாள். நான் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்றேன். அந்த ரொட்டி வண்டிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினார் என்று மட்டும் சொல்லவில்லை.