டகெட் வீட்டு முதல் வண்டி

வண்டியின் பின்சக்கரம் கடகடவென்று ஆட ஆரம்பித்தபோது, ஊர்வலம் இன்னும் ஓடையைக்கூட எட்டவில்லை.

"மெர்ல், நேத்து சக்கரத்தைத் தண்ணியில ஊறப் போட்டியா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி டார்லீன், நாடா வைத்த பழங்காலத் தொப்பியை இறுக்கியபடி.

மெர்ல் டகெட் கோவேறு கழுதைகளின் காதுகளையே உற்றுப் பார்த்தான். வயோமிங்கின் வறண்ட காற்றில் மரம் உலர்ந்து சுருங்கிவிடும். ஊறாத சக்கரத்தில் இரும்புப் பட்டை நிற்காது. இது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"மறந்தே போச்சு, டார்லீன்."

"நாசமாப் போச்சு!"

ஊர் பிறந்த நாளன்று, அது உண்டான கதையை நடித்துக் காட்டும் ஊர்வலத்தில் முதல் வண்டியை ஓட்டுவது டகெட் வீட்டு உரிமை. கொள்ளுத்தாத்தா ஜெத்ரோ இந்த ஓடையைத் தாண்டி வந்துதான் ஊரே உண்டானது. போன வருஷம் மெர்ல் கழுதைகளை வாத்தியக்குழுவுக்குள் விட்டபோதே, விழாத் தலைவி கிளாரிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை சொதப்பினா, வண்டி பர்செல் வீட்டுக்குத்தான்." பர்செல்கள்! நேற்று வந்தவர்கள்!

"ஓடையில கொஞ்ச நேரம் நிறுத்துவோம். சக்கரம் ஊறிடும்," என்றான் மெர்ல்.

நிறுத்தினான். சக்கரம் ஊறுவதற்குள் வண்டி அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது.

"இறங்கித் தள்ளு, டார்லீன்!"

"நானா? உனக்குக் கை கால் இல்லையா?" என்று திட்டிக்கொண்டே இறங்கினாள்.

அவன் கழுதைகளை அதட்டினான். அவை மூச்சைப் பிடித்து இழுத்ததில், அவற்றைப் பூட்டியிருந்த ஏர்க்கால் முறிந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கழுதைகள் மட்டும் கம்பீரமாகக் கரையேறின. கூட்டம் அவற்றுக்குக் கை தட்டியது.

கரையோரம் பொரித்த ரொட்டி விற்றுக்கொண்டிருந்த இந்த மண்ணின் பூர்வகுடியான ஷோஷோனிப் பெண் லெவீனாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டினாள். ஒரே இழுப்பு. பிறகு, சேற்றில் குளித்து நின்ற இருவர் கையிலும் சூடாக ரொட்டியை வைத்தாள்.

மெர்ல் சேறு படிந்த மறு கையால் அவள் கையைப் பற்றிக்கொண்டான். "நீ நல்லா இருக்கணும், லெவீனா. சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்."

அதற்குள் கிளாரிஸ் வந்துவிட்டாள். "முடிஞ்சுது, மெர்ல். ஜெத்ரோ எப்படி ராஜா மாதிரி வந்தாரு! நீ அவர் மானத்தையே வாங்கிட்டே. அடுத்த வருஷம் பர்செல்தான்."

"ராஜா மாதிரியா?" லெவீனா சிரித்துவிட்டாள். "யாருங்க சொன்னது? அவர் மேற்கே ஓரிகனுக்குப் போற வழியில இதே சேத்துல மாட்டிக்கிட்டு, பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு நின்னாராம். எங்க ஆளுங்கதான் இழுத்துப் போட்டு, சோறும் போட்டாங்க. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் சரியா நடிச்சிருக்காங்க!"

அதற்கப்புறம் கிளாரிஸ் பர்செல் பேச்சையே எடுக்கவில்லை. மெர்லுக்கு முகமெல்லாம் பல்.

"அப்புறம்? தாத்தா நன்றி சொன்னாரா?"

"கண்ணுல தண்ணியோட சொன்னாராம்," என்றாள் லெவீனா, அவன் ரொட்டியில் இன்னும் கொஞ்சம் தேனை ஊற்றியபடி. "'சக்கரம் சரியானதும் கிளம்பிடறோம்'னும் சொன்னாராம். நாங்களும் இன்னிவரைக்கும் பார்த்துக்கிட்டேதான் இருக்கோம்."