பட்டாபிராமில் நின்ற கோலம்

"இந்தாய்யா, சாமிக்குப் பொங்கல் வெக்கணும். அரிசி டின்னு எங்க?"

சுதா கேட்டபோது அந்த டின், மேஜை மேல் கம்ப்யூட்டர் திரையைச் சுமந்துகொண்டிருந்தது.

"கண்ணுக்கு நேரா ஸ்கிரீன் இருக்கணுமாம். ஆபீஸ்ல லிஸ்ட் அனுப்பிக்கிறாங்க," என்றார் அவள் புருஷன் கஜபதி.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் முதுகும் கழுத்தும் நோகாதபடி மேஜை நாற்காலியைச் சீர்செய்து, வேலை செய்யும் கோலத்தில் இன்று ஐந்து மணிக்குள் போட்டோ அனுப்ப வேண்டும். தேறாதவர்கள் தினமும் ஆபீஸ் வர வேண்டும். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் ஒற்றைக் காலில் நின்று போன ஐந்து வருடத்தை நினைத்தாலே கஜபதிக்கு முட்டி வலிக்கும்.

முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்றது லிஸ்ட். தண்ணீர் டிரம்முக்கு அடியிலிருந்த நான்கு செங்கல்லை உருவி மேஜைக் கால்களுக்குக் கொடுத்தார். திரை ஃபேனைப் பார்க்கப் போய்விட்டது. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டார். கால் அந்தரத்தில் ஆடியது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கடைசியில் பரணிலிருந்த மணைப்பலகையை இறக்கிக் காலுக்கு வைத்தார்.

"யோவ், அது நம்ம கல்யாண மணைய்யா!"

"அன்னிக்கு அதுல உக்காந்து மாட்டிகினேன். இன்னிக்கு அதுவே காப்பாத்தட்டும்."

எல்லாம் பொருந்தியது. அப்பாடா என்று குளிக்கப் போனார். திரும்பி வந்தால், பொங்கலுக்கு அரிசி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்த டின், செங்கல், கீபோர்டு, நாற்காலி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி.

"இன்னா சுதா இது!"

"ஆயுத பூஜைய்யா. உனக்குச் சோறு போடறது இதானே? நாளைக்குக் காலையில எடுத்துக்க. அதுக்குள்ள தொட்டே, எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

ஆயுத பூஜை தெரியாத ஏதோ ஓர் ஊரில் இருந்தது கம்பெனியின் மேலிடம். மணி நாலே முக்கால். கஜபதிக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கற்பூரம் ஒற்றிக்கொள்பவர் போலக் கீபோர்டுக்கு மேல் கையை நீட்டினார். சுதா போனில் படம் எடுத்தாள். அனுப்பிவிட்டு, சாமி விட்ட வழி என்று பொங்கலைத் தின்றார்.

ஆறு மணிக்கு போன் வந்தது.

"சார், சேஃப்டி டீம்லேர்ந்து சிம்ரன் பேசறேன். உங்க போட்டோ பாஸ் சார்!"

"அப்போ நான் ஊட்லேர்ந்தே..."

"மொத்தக் கம்பெனியிலயும் நின்னுகிட்டே வேலை செய்யறது நீங்க ஒருத்தர்தானாம், மேலிடமே அசந்துபோச்சு! திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் ஆபீஸ் வந்து எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க சார். நின்னு பழகினவருக்கு ரயில் என்ன கஷ்டம்!"