கசப்புக் கட்சிக்காரர்

மருந்து கசந்தால்தான் வேலை செய்யும் என்று நம்பும் ஓர் இனம் உலகெங்கும் உண்டு. கசப்புக் கட்சி என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் எங்கள் ஊரான பார்ன்ஸ்லி கிளையின் நிரந்தரத் தலைவர் நார்மன் ஹெப்பிள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே உட்கார்ந்துகொண்டார்.

ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டு, தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, பெண்டாட்டி மேல் எரிந்து விழுந்துகொண்டு சிகரெட்டை விட்டால் நார்மன் முதுகில் தட்டிக் கொடுப்பார். சிரித்துக்கொண்டே விட்டானோ, தொலைந்தான். "நான் ஒரே நாள்ல விட்டேன், வெறும் மன உறுதி!" என்பது நாங்கள் மாலையில் கூடும் ஊர் கிளப்பில் பீர் வருமுன் அவர் ஓதும் மந்திரம். நிஜமா என்று அவர் மனைவி ஈடித்தைக் கேட்டுப் பாருங்கள். "உறுதி இருந்துச்சு. கூடவே நாள் பூரா வாயில பெப்பர்மிண்ட் மிட்டாயும் இருந்துச்சு. உறுதி நின்னுச்சு, பல்லுதான் நிக்கல" என்பார்.

என் பக்கத்து வீட்டுத் தோழி மாவிஸ் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்ப்பவள். சின்ன வயதிலிருந்தே ஊதியவள். இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னபின் நிகோட்டின் பட்டை ஒட்டிப் பார்த்தாள், சூயிங்கம் மென்று பார்த்தாள், பலிக்கவில்லை. கடைசியில் வேப் என்கிற மின்சிகரெட் விற்கும் கடையில் கிடைத்த ருபார்ப்-கஸ்டர்டு மிட்டாய்ச் சுவைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அந்த இனிப்புக்குப் பழகிய நாக்குக்குச் சிகரெட் சாம்பலாக ருசித்ததாம். வேப் ஒன்றும் துளசித் தீர்த்தமல்ல, அது அவளுக்கும் தெரியும். ஆனால் பஸ் நிறுத்தத்து மேட்டை நிற்காமல் ஏறினாள். என்னோடு பேசிக்கொண்டே ஏறினாள்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நார்மனுக்கு?

"என்ன கண்ணு, சிகரெட்ட விட்டுட்டியா, இல்ல பலகாரம் திங்கிறியா?"

"விட்டுட்டேன் நார்மன். மூச்சு விடுறேனே, தெரியல?"

"மிட்டாய ஊதுறதெல்லாம் விட்டதுல சேர்த்தியா? யாருப்பா அங்க, மாவிஸ் பாப்பாவுக்கு ஒரு பால்புட்டி கொண்டாங்க!"

கிளப்பே சிரித்தது. மாவிஸும் சிரித்தாள், காது சிவக்க.

அடுத்த வாரமே அவள் வேப்பில் 'பெரியவர்கள் சுவை' என்று புகையிலைச் சுவைக்கு மாறினாள். பழைய சிநேகிதனை நாக்குக்கு நினைவூட்டினால் அது சும்மா இருக்குமா? நகல் எதற்கு, அசலையே கொண்டா என்றது. மாதம் முடியுமுன் கிளப் வாசலில் அசல் சிகரெட்டோடு நின்றாள். இப்போது மேட்டில் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள். பஸ் போய்விடுகிறது.

நார்மன் வருந்தினாரா? "நான் அப்பவே சொல்லல? மிட்டாயால விட்டது எத்தன நாளைக்கு நிக்கும்?" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அறையலாம் போலிருந்தது எனக்கு.

ஆனால் நார்மனை வைவது சுலபம். குடியை விட்ட உங்கள் மைத்துனன் கையில் கலர் சோடாவோடு வந்து நின்றால், "நல்லது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வீர்களா, வாசகரே?

"அதெல்லாம் சரிதாங்க, ஆனாலும்..." என்று இழுக்கிறீர்களே. வாருங்கள், உட்காருங்கள். நார்மனுக்குப் பக்கத்து நாற்காலி காலிதான்.