அரை இஞ்ச்

பேண்ட்டின் கொக்கியை மாட்டியதும் சுகுமாருக்கு மூச்சு முட்டியது. எல்லாம் அவனே இழுத்துக்கொண்ட வினை. நன்றாக இருந்த பேண்ட்டை, லூசாக இருக்கிறது என்று சொல்லி அரை இஞ்ச் பிடிக்கக் கொடுத்தது அவன்தானே! இரும்புலியூரில் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கும் ஹேமாவதியோடு இரண்டு நிமிடம் பேச, நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளைக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று மாலையே கடையில் போய் நின்றான்.

"டைட்டா இருக்குங்க."

"அப்டியா? பிரிச்சு விட்டுடலாம் சார்." ஹேமாவதி பேண்ட்டை வாங்கி மடித்து வைத்தாள். "சனிக்கிழமை வாங்க."

"எவ்ளோ ஆகும்?"

"இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் காசா? போங்க சார்."

மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த எல்லம்மா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு ஹேமாவதியைப் பார்த்தாள். மறுபடியும் பட்டனைப் பார்த்தாள்.

சுகுமாருக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு போல்ட்டை மூன்று தடவை அளந்தும் திருப்தி வராமல் நான்காவது தடவையும் அளப்பான். முதல் கல்யாணத்தையும் அப்படி அளந்து பார்த்துத்தான் செய்தான். விவாகரத்தாகி எட்டு வருடம் ஆகிறது.

சனிக்கிழமை வாங்கிவந்த பேண்ட் தொளதொளவென்று இருந்தது. எங்கே நழுவிவிடுமோ என்ற பயத்தில், திங்கட்கிழமை ரயிலில் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு போனான்.

"இன்னா மச்சான், வயித்து வலியா?" என்றான் கூடவே பயணம் செய்யும் ஆல்வின்.

விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நேரா போய் கேட்டுடு மச்சான். புடிச்சிருந்தா ஆமாங்கும், இல்லன்னா இல்லங்கும். அவ்ளோதான?"

"இல்லன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் பேண்ட்ட எங்க குடுக்கறது?"

ஆல்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. பிடித்து வாங்கினால் மூச்சு முட்டும். உடனே ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏரிக்கரையில் வேர்க்க விறுவிறுக்க நடப்பான். பிரித்து வாங்கினால் தொளதொளக்கும். ஐயோ, இளைத்துவிட்டோமே என்று சர்க்கரை டெஸ்ட்டுக்கு ஓடுவான். டாக்டர் அவனை எடை மெஷினில் ஏற்றினார்.

"எழுபத்தொன்னு. போன தடவையும் எழுபத்தொன்னுதான். அதுக்கு முன்னாடியும் அதேதான். உங்களுக்கு என்னதான் சார் பிரச்சனை?"

மெஷின் ரிப்பேர் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். டேப் வைத்து அளந்து பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. மூச்சே சொல்லும்போது டேப் எதற்கு?

அந்த வெள்ளிக்கிழமைதான் கடை வாசலில் அட்டை தொங்கியது. 'கடை திங்கள் முதல் ஊரப்பாக்கத்தில் இயங்கும்.'

சுகுமார் அதை நான்கு தடவை படித்தான். அரை இஞ்சுக்காக ஒருவன் மெனக்கெட்டு ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கிப் போனால் ஊர் சிரிக்காதா? அன்றிரவு உட்கார்ந்து, அவளிடம் சொல்லப் பதினோரு வாக்கியம் எழுதினான். அடித்தான், திருத்தினான். கடைசியில் 'வணக்கம்' மட்டும் தேறியது.

சனிக்கிழமை மாலை அதே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போனான். எல்லம்மா நூல்கண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஹேமாவதி மெஷினுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். லூசா, டைட்டா?"

இரண்டில் எதையாவது சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் இன்றைக்குக் கவலைப்பட வேறு விஷயம் இருந்ததாலோ என்னவோ, இடுப்பில் ஒரு தொந்தரவும் இல்லை.

"சரியா இருக்குங்க," என்றான்.

ஹேமாவதியின் கை நின்றது. "ஓ. அப்ப இனிமே வேலை இல்ல." முகம் வாடிவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு 'வணக்கம்' கூட மறந்துபோனது.

"நாளைக்கு குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு வர்றீங்களா? என்கூட. இது பேண்ட் விஷயமா கேக்கல." சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவனுக்கு உறைத்தது. ஓடிவிடலாமா என்று கூடப் பார்த்தான்.

ஹேமாவதி சுற்றிய துணியைப் பிரித்து, மறுபடியும் சுற்றினாள்.

"ஏழு மணிக்கே வந்துடுங்க. வெயில் ஏறிட்டா படி ஏற முடியாது."

சுகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஆறு மாசமா பிடிச்சுப் பிரிச்சு, கடைசில இப்பத்தாங்க இந்தப் பேண்ட் சரியா வந்திருக்கு!" என்றான்.

எல்லம்மா சாக்கைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"இன்னாத்த புடிச்சுது, இன்னாத்த பிரிச்சுது? ஒவ்வொரு தபாவும் இந்தம்மா இஸ்திரிய மட்டும் போட்டுக் குடுத்துகினு கீது சார், உன் பேண்ட்ல இன்னி வரிக்கும் ஊசியே வெச்சதில்ல!"