பல்லை வாங்கினால் கப்பல் உண்டு

தூத்துக்குடியை விட்டு ஓரடி நகராமல் எங்கள் கப்பல் ஆபீஸ் முழுவதையும் பிஜித் தீவுக்குக் கூட்டிப்போய் வந்த மனிதர் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் புலா அண்ணாச்சி.

ஏரல் பக்கத்துக்காரர். சின்ன வயதில் கரும்புத் தோட்டக் கூலியாகப் பிஜிக்குப் போனவர். பிறகு சுவா நகரத்துப் பூங்காவில் தோட்டக்காரராகி, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிப் பழகிவிட்டார். அங்கே வணக்கத்துக்கு ‘புலா’ என்பார்களாம். இங்கே எங்கள் துறைமுகத்திலும் எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் “புலா!” என்று முழங்குவார். மூட்டை தூக்குகிறவர்கள், “பலாவா? எங்கன விக்கான் அண்ணாச்சி?” என்பார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சுற்றுலா. சுங்க ஆபீஸ் வாசலில் நிறுத்தி, “இதான் சுவா மணிக்கூண்டு. எல்லாரும் தொப்பியக் கழத்துங்க” என்பார். எங்களில் ஒருவருக்கும் தொப்பி கிடையாது. தூரத்து உப்புக் குவியலைக் காட்டி, “அந்தா தெரியுதுல்லா, அது தீ மிதிக்கித தீவு. நம்ம பூக்குழி மாதிரி இல்லலே. கல்லப் பழுக்கக் காய்ச்சி அதுமேல நடப்பான்” என்பார்.

கடைசியில் விருந்தாளி மரியாதை. அங்கே ஏதோ ஒரு வேரை இடித்துக் கரைத்துச் சிரட்டையில் கொடுப்பார்களாம். இங்கே அந்த வேருக்கு எங்கே போவது? சுக்குதான். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கை தட்ட வேண்டும். எங்கள் தலைமைக் குமாஸ்தா குடித்தார்; கண்ணில் நீர் வழிய நெஞ்சில் தட்டிக்கொண்டார். “நெஞ்சுல இல்லவே, கையில தட்டும்! குத்தமாயிரும்!” என்று அண்ணாச்சி அலறினார்.

சிரிப்பெல்லாம் இதோடு சரி. அவர் மனைவி சுவாவிலேயே இறந்துபோனாள். ஒரே மகள் அங்கே இருந்தாள். “அழாதளா, ஊருக்கு ஒரு நடை போயிட்டு ஓடியாந்துருதேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்த மனிதர், திரும்புவதற்குள் உலகச் சண்டையில் மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கம் கப்பல் போக்குவரத்தே நின்றுவிட்டது. அன்றிலிருந்து கப்பலுக்காக எங்கள் துறைமுகத்தையே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். மேனேஜர் முன்னால் மண்டியிட்டு, மஞ்சள் பாரித்த பெரிய திமிங்கிலப் பல் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டி, “சுவாவுக்கு ஒரு இடம் வேணும் ஐயா” என்றார். மனைவி செத்த துக்கத்துக்கு அந்தத் தீவுக்காரர்கள் கொண்டுவந்து அவர் கையில் வைத்த பல் அது. எங்கள் மேனேஜர் சிடுமூஞ்சி, ஆனால் சங்கு, சிப்பி என்றால் பைத்தியம். கேட்டது காதில் விழுந்ததோ என்னவோ, “நல்லாருக்கே” என்று வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்த அண்ணாச்சிக்குத் தரையில் கால் பாவவில்லை. “வாங்கிட்டாருலே! பல்ல வாங்கிட்டா கேட்டத மறுக்கக் கூடாது, அது அந்த ஊரு முறை. எனக்குக் கப்பல் உண்டு!”

குடிசையைக் காலிசெய்துவிட்டு, பாயும் தகரப்பெட்டியுமாக ஆபீஸ் வராந்தாவுக்கே வந்துவிட்டார். நான் மேனேஜரிடம் அந்த முறையை விளக்கினேன். “கிறுக்கனாவே அவன்? சண்டைக்குள்ள கப்பலுக்கு நான் எங்கன போவேன்?” என்று சீறினார். பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், கேட்டதைச் செய்ய முடியாது என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றேன். பல்லை எடுத்துக்கொண்டு வராந்தா வரை போனார். “புலா, ஐயா!” என்று அண்ணாச்சி எழுந்து நின்றார். மேனேஜர் அப்படியே திரும்பி வந்து, பல்லை இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்த மழைக்காலத்தில் அண்ணாச்சிக்கு வாந்திபேதி கண்டது. ஆஸ்பத்திரியில் பாதியாகக் கிடந்தார்.

“தம்பி, நான் தேற மாட்டேன். ஐயாகிட்டப் போயி பல்லத் திருப்பி வாங்கிரு.”

“ஏன் அண்ணாச்சி?”

“வாங்கிட்டுச் செய்யலேன்னா வாக்குத் தப்புனவருன்னு ஆயிரும்லா. பாவம், சண்டைய அவரா தொடங்குனாரு?”

ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர் பல்லை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “தர முடியாதுவே. வாங்குனது வாங்குனதுதான். மொதக் கப்பல்ல அவருக்கு இடம் உண்டுன்னு சொல்லும். நிக்காதேயும், ஓடும்!”

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடி, “தர மாட்டேங்காரு அண்ணாச்சி” என்றேன்.

“அப்படியா சொல்லுதாரு?” என்று கேட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. “அப்பம் புள்ளைக்குத் தாக்கல் சொல்லி விட்ரு, அப்பா வாரேன்னு.”

மறுநாள் போய்ச் சேர்ந்தார். தூக்கியவர்களில் மேனேஜரும் ஒருவர். வராந்தாவில் அண்ணாச்சியின் பாய் கிடந்த இடத்தை மிதிக்க எனக்குக் கால் வரவில்லை. அந்த ஆபீசில் இருந்த காலம் வரை அதைச் சுற்றியேதான் போய்வந்தேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.